அறுபத்தேழு நாள் அடைகாத்த நாரை

பிப்ரவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். கழுத்து வலிதான், பழைய குடித்தனக்காரன் மாதிரி காலி செய்ய மாட்டேன் என்கிறது. அச்சகத்தில் நாளெல்லாம் குனிந்து ப்ரூஃப் பார்த்தால் வேறென்ன வரும். உனக்கு ஏரிக்காற்றில் இருமல் திரும்பி வந்ததா? போனில் கேட்டால் "ம்" என்பாய், மறுபடி கேட்டால் "ம்ம்" என்பாய். கடிதத்தில்தான் உனக்கு வாய் இருக்கிறது, அதனால் எழுதிக் கேட்கிறேன்.

உன் போன கடிதத்தைச் சனிக்கிழமை வாசகர் வட்டத்தில் வாசித்தேன். சைக்கிள் கடை மாடி அறை, எட்டு நாற்காலி, எட்டு பேர். ஆறு வருடமாகக் காடு, கடல், பறவை, புழு பற்றிய புத்தகங்களாகவே படிக்கிறோம். ஆனால் வட்டத்தார் எல்லோருமாகக் கிளம்பி ஒரு மரத்தடிக்குக்கூடப் போனதில்லை. பல் டாக்டரம்மாவுக்குப் பூச்சி என்றால் உயிர் போய்விடும். கோழிப்பண்ணைக்காரர் ஒரு நாள் மழைக்கு மாடிப்படியில் ஒதுங்கினார், அப்படியே உறுப்பினராகிவிட்டார்.

புத்தகத்தைத் திறக்குமுன் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்த வாரம் கண்ணால் பார்த்த ஓர் உயிரைப் பற்றி ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். படித்தது ஆகாது, கேட்டது ஆகாது, பார்த்தது மட்டும். மற்றவர்கள் பல்லி, எறும்பு, ஜன்னல் புறா என்று காலத்தை ஓட்டுகிறார்கள். என் முறைக்கு மட்டும் உன் கண்ணைக் கடன் வாங்கச் சலுகை கொடுத்திருக்கிறார்கள். நான் உறையைப் பிரித்ததுமே அறையில் பேச்சு நின்றுவிடும்.

ஏரியின் நடுத்திட்டைப் படகுச் சவாரிக் கம்பெனிக்குக் குத்தகை விடப்போகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைக் கேட்டதும் எல்லோருக்கும் முகம் விழுந்துவிட்டது. ஏரியை நிர்வகிக்கும் துறைக்கு மனு எழுதத் தீர்மானித்திருக்கிறோம். அங்கே நாரை கூடு கட்டுவதைப் பார்த்த ஒரே சாட்சி நீதான். இனி வரும் கடிதங்களைத் தேதியோடு மனுவில் இணைப்போம். ஆகவே ஒழுங்காக எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கழுத்தை நான் விசாரித்ததாகச் சொல். இருமல் இல்லை. நன்றாகத் தூங்குகிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன். உன் வழக்கமான மற்ற கேள்விகளுக்கும் இதே பதில்.

தினமும் ஆறு மணிக்கு இரும்பு ஏணியில் ஏறி, கம்பத்தில் நீர்மட்டம் பார்த்து நோட்டில் குறிக்கிறேன். அந்த நேரத்தில் ஏரிக்குக் கரையே இருக்காது. மூடுபனியில் தண்ணீர் எங்கே முடிகிறது, ஆகாயம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. நடுத்திட்டு மரம் மட்டும் எதன்மேலும் நிற்காமல் நிற்கும். நானும் அப்படித்தான் நிற்கிறேனோ என்று ஒரு கணம் தோன்றி, கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

பிப்ரவரி 27 முதல் நாரை அடையில் உட்கார்ந்திருக்கிறது. நேற்று ஜோடி மாறியபோது அது எழுந்தது. பைனாகுலரில் முட்டைகளைப் பார்த்துவிட்டேன். மூன்று. துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன நீலச் சட்டையின் நிறம். வந்த பறவை ஒரு குச்சியைக் கொண்டுவந்து கொடுத்தது. இருந்தது அதை வாங்கி, இப்படி வைத்துப் பார்த்தது, அப்படி வைத்துப் பார்த்தது, கடைசியில் முதலில் வைத்த இடத்திலேயே வைத்தது. எனக்கு உன் ஞாபகம் வந்தது.

வட்டத்தாருக்கு என் வணக்கம்.

தம்பி

*

மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம், நாரையின் நலம் அறியத்தான் ஆவல். மூன்று முட்டை என்றதும் எங்கள் வட்டத்துத் தையல்காரர் கைதட்டிவிட்டார். பல் டாக்டரம்மா உன் கடிதத்தை மணியான கையெழுத்தில் பிரதியெடுத்து மனுவில் சேர்த்துவிட்டார். குச்சி விஷயத்தில் என்னை இழுத்த வரியை நான் வாசிக்கவில்லை.

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லையே? போன் செய்தேன், அணைத்து வைத்திருக்கிறாய். போன சனிக்கிழமை என் முறைக்குச் சொல்ல எதுவும் இல்லாமல் கரப்பான்பூச்சியைப் பற்றிச் சொன்னேன். ஒருவரும் ரசிக்கவில்லை.

உடனே எழுது.

அக்கா

*

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. லேசான ஜலதோஷம், வேறொன்றுமில்லை. போன் ரிப்பேர்.

நாரை அடையில்தான் இருக்கிறது. பனியில் அதன் கழுத்து மட்டும் தெரிகிறது. காற்றடித்தால் மரம் அசைகிறது, கூடு அசைகிறது, அது அசைவதில்லை. அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தால் நேரம் போவது தெரிவதில்லை. சில சமயம் நானே அந்த மரத்தில் படுத்துக்கொண்டு, கீழே தண்ணீர் தளும்புவதைக் கேட்பதுபோல இருக்கிறது. உடம்பே இல்லாதது மாதிரி, வலியில்லாத ஒரு லேசு. விழித்துப் பார்த்தால் மணி நாலாகியிருக்கும்.

வட்டத்தில் இப்போது என்ன புத்தகம்? நீ நீண்டதாக எழுது. உனக்கு அந்தச் சனிக்கிழமைகள் நன்றாகப் போகின்றன என்று தெரிந்தால் எனக்குப் போதும்.

தம்பி

*

ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

ஜலதோஷம் விட்டதா? வெந்நீர் குடிக்கிறாயா? படுத்துக்கொண்டே எழுதினாயா என்ன, உன் வரிகளெல்லாம் மலையேறுகின்றன. முப்பது வருடம் அடுத்தவர் எழுத்தைப் பார்த்தே சாப்பிடுகிறவள் நான், என் கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது.

மனுவைக் கொடுத்துவிட்டோம். உன் கடிதங்கள்தான் அதில் உயிர் என்று எல்லோரும் சொன்னார்கள். படித்துக்கொண்டிருப்பது கடல் ஆமைகள் பற்றி. தாய் ஆமை முட்டையிட்டு மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுமாம். "கொடுத்து வச்சது" என்றார் டாக்டரம்மா. அவருக்கு மூன்று பிள்ளைகள்.

ஒரு சின்ன விஷயம். உன் கடிதத்தை வாசித்ததும் கோழிப்பண்ணைக்காரர் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். கோழிக்கு இருபத்தொரு நாளாம், நாரைக்கு இருபத்தாறு என்று புத்தகத்தில் இருக்கிறதாம். உன் கணக்குப்படி நாற்பது நெருங்கிவிட்டதே என்றார். பறவைக்குக் காலண்டர் தெரியாது என்று சொல்லி அடக்கிவிட்டேன். குஞ்சு வந்ததும் முதல் வேலையாக எழுது.

அக்கா

*

மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வெந்நீர் குடிக்கிறேன்.

நாரை இன்னும் அடையில்தான் இருக்கிறது. ஜோடி வருகிறது, குச்சி தருகிறது, போகிறது. தண்ணீர்மேல் பனி மூடியிருக்கிறது. ஆகாயமும் அப்படியே. ஏரியில் எதுவும் மாறவில்லை.

ஆமைகளைப் பற்றி இன்னும் எழுது.

தம்பி

*

மே 16

அன்புள்ள தம்பிக்கு,

சுகம் விசாரித்து அலுத்துவிட்டது, இருந்தாலும் விசாரிக்கிறேன்.

உன் கடிதம் இந்தத் தடவை பெரிய கலாட்டாவைக் கிளப்பிவிட்டது. அடைக்கு உட்கார்ந்து அறுபத்தேழு நாள். டாக்டரம்மா, உயிரில்லாத முட்டைமேல் சில பறவைகள் நாள்கணக்கில் உட்காருவதுண்டு என்றார், சொல்லும்போதே கண் கலங்கினார். தையல்காரர் அது தாய்மை என்றார். அறையே உருகிப்போயிருந்த நேரத்தில் கோழிப்பண்ணைக்காரர் எழுந்தார். "பொரிக்காத முட்டை மேல அறுபத்தேழு நாள் உக்கார அதுக்கென்ன பென்ஷனா வருது? பத்து நாள் பார்க்கும், இருபது நாள் பார்க்கும், எந்திரிச்சுப் போயிடும். இதை எழுதினவர் பார்த்து எழுதலைங்க" என்றார்.

நான் அவரோடு சண்டை போட்டேன். என் தம்பி பார்க்காததை எழுத மாட்டான் என்று ஏழு பேர் முன்னால் சொன்னேன். ஆனால் வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். மார்ச் 4 கடிதத்தில் நிறம் இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, கிண்டல் இருக்கிறது. அதற்கப்புறம் வந்தவற்றில் பனி மட்டும்தான் இருக்கிறது. மே மாதத்தில் எங்கிருந்தடா பனி?

துறையிலிருந்து பதில் வந்திருக்கிறது. ஜூன் 7 அன்று அதிகாரி நேரில் வருகிறார். குஞ்சு பொரித்த தேதியை நீ கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தந்தால் குத்தகையை நிறுத்தி வைப்பார்கள். இல்லையென்றால் ஜூலையில் திட்டில் படகு கட்டுவார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ கூட்டைக் கடைசியாகப் பார்த்தது எந்தத் தேதி?

அக்கா

*

மே 24

தம்பிக்கு,

பதில் இல்லை. நான் கோபமாக இல்லை. எழுது.

அக்கா

*

மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் தலையணைக்குக் கீழே இருக்கின்றன. நான் நலமில்லை. இதை எழுதுவதற்குள் மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

கடைசியாகப் பார்த்தது மார்ச் 8. ஒன்பதாம் தேதி ஏணியில் பாசி வழுக்கிக் கீழே சிமெண்ட் மேடையில் விழுந்தேன். இடுப்பு எலும்பு முறிந்து, தகடு வைத்திருக்கிறார்கள். இப்போது ஊருக்குள், பம்ப் ஆபீஸ் மாடியில் ஒரு அறையில் படுத்திருக்கிறேன். கீழே சமைக்கிற அம்மா சாப்பாடு கொண்டுவருகிறார், என் கடிதங்களையும் அவர்தான் தபாலில் போடுகிறார். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். நீ கேட்ட பனி, மாத்திரை போட்டால் வருகிற பனி. அந்த மயக்கத்தில் ஏரி தினமும் என் கட்டில்வரை வந்துபோனது. பாதி வரிகளை நிஜமாகவே பார்ப்பதாக நினைத்துத்தான் எழுதினேன். மீதிப் பாதி தெரிந்தே சொன்ன பொய்.

என் இடத்துக்கு வந்திருக்கிற அம்மையாருக்கு மட்டத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கிற பழக்கம் இல்லை. நாரை எப்படி இருக்கிறது என்று கேட்டு அனுப்பினேன். "எந்த நாரை?" என்று பதில் வந்தது. மறுபடி கேட்க எனக்கும் துணிச்சல் வரவில்லை. கூடு கலைந்துவிட்டது என்று யாராவது சொல்லிவிட்டால்?

குஞ்சு பொரித்தது என்று ஒரு வரி எழுதியிருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. எழுதித்தான் பார்த்தேன், கை ஓடவில்லை. நான் பார்க்காத குஞ்சுக்கு எப்படி அலகும் கண்ணும் வைப்பேன்? அது அடைகாத்ததை நான் பார்த்தேன். அதனால் அதையே திரும்பத் திரும்ப எழுதினேன். பாவம் அந்தப் பறவை, எனக்காக அறுபத்தேழு நாள் எழுந்திருக்கவேயில்லை.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். நம் அம்மா படுத்திருந்த பதினோரு வருடம் நீ ஒரு கல்யாணத்துக்குப் போகவில்லை, ஒரு புத்தகம் முழுதாகப் படிக்கவில்லை. எல்லாம் முடிந்தபிறகு நீ என்னிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "இனிமே சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் எனக்கு." நான் விழுந்ததைச் சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸில் மூட்டையோடு வந்து இறங்கியிருப்பாய். இன்னொரு கட்டில், இன்னொரு பதினோரு வருடம். அதற்கு நான் காரணமாக இருக்க மாட்டேன் என்று நினைத்தேன்.

கடிதங்களை மனுவிலிருந்து எடுத்துவிடு. திட்டு போனால் என்னால்தான் போகிறது. கோழிப்பண்ணைக்காரரிடம் அவர் சொன்னது சரி என்று சொல்.

தம்பி

*

மே 31

தம்பிக்கு,

உன் கடிதத்தை இன்று வட்டத்தில் முழுவதும் வாசித்தேன். அம்மாவைப் பற்றி எழுதியதையும் விடவில்லை. பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தவளே நான்தான், பிறகு எதை மறைப்பது.

கோழிப்பண்ணைக்காரர்தான் முதலில் வாய் திறந்து, "பொய் சொல்லத் தெரியாத ஆளு பொய் சொன்னா இப்படித்தான், முட்டை பொரிக்காது" என்றார். பிறகு என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மார்ச் 8க்குப் பிறகு எழுதிய இரண்டு கடிதங்களையும் திரும்பப் பெறுகிறோம் என்று துறைக்குத் தெரிவித்துவிட்டோம். ஏழாம் தேதி எட்டுப் பேரும் ஏரிக்கு வருகிறோம். உன்மேல் எனக்கு இருக்கும் கோபத்தை இந்தத் தாளில் எழுதினால் தாள் தாங்காது.

மாத்திரையை நேரத்துக்குப் போடு.

அக்கா

*

ஜூன் 8

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று உன் அறை வாசலில் நின்றபோது எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. நீயும் "ம்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கீழே பஸ்ஸில் ஏழு பேர் காத்திருந்தார்கள், கிளம்பிவிட்டேன். சொல்ல வந்ததை இப்போது எழுதுகிறேன்.

நாங்கள் ஏரிக்கரையில் இறங்கியதும் ஒரு நிமிடம் யாரும் நகரவில்லை. ஆறு வருடமாகப் படித்ததெல்லாம் ஒரே நேரத்தில் எதிரே விரிந்து கிடந்தது. தண்ணீர் வெயிலில் தூங்கிக்கொண்டிருந்தது. தையல்காரர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். டாக்டரம்மாவின் கையில் பச்சைப் பூச்சி ஒன்று உட்கார்ந்தது. கத்தப் போகிறார் என்று நினைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு அது பறக்கும்வரை கையை நீட்டியபடியே நின்றார்.

அதிகாரி ஒரு படகு ஏற்பாடு செய்திருந்தார். நானும் கோழிப்பண்ணைக்காரரும் அவரோடு திட்டுக்குப் போனோம். கூடு இருந்தது, தம்பி. காலியாக இருந்தது. நாரை இல்லை. அதிகாரி நோட்டை மூடப் போனார்.

அப்போது கோழிப்பண்ணைக்காரர் மரத்தடியில் மண்டியிட்டுச் சருகை விலக்க ஆரம்பித்தார். ஒரு முட்டையோட்டை எடுத்து மண்ணை ஊதினார். நீலம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. காக்கா குத்தினால் ஓடு உள்ளே நொறுங்கியிருக்குமாம். இது அகலமான முனையில் மூடி திறந்தாற்போல வட்டமாக வெட்டுப்பட்டு, உள்தோல் காய்ந்து காகிதமாகியிருந்தது. "உள்ள இருந்து உடைச்சிருக்குங்க. குஞ்சுதான் உடைச்சிருக்கு. வாழ்நாள் பூரா இதைத்தானே பார்க்கிறேன்" என்றார். தேடியதில் இன்னொன்றும் கிடைத்தது, அதுவும் அப்படியே. மூன்றாவது கிடைக்கவில்லை.

நீ அங்கே மாத்திரை மயக்கத்தில் அதை அடையில் உட்கார்த்தி வைத்திருந்த நாட்களில், இங்கே இரண்டு குஞ்சாவது வெளியே வந்து, தின்று, வளர்ந்து, பறந்தும் போயிருக்கும். உன்னைக் கேட்டுக்கொண்டு ஒன்றும் நடக்கவில்லை.

திரும்பி வரும்போது நாணல் ஓரமாக ஒரு நாரை நின்றது. தலை இன்னும் சாம்பலாக இருந்தது, கொண்டை வளரவில்லை. படகுக்காரர் துடுப்பை நிறுத்தினார். இது இந்த வருடத்துக் குஞ்சா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் பறந்துவிடும் என்று பயம்.

திரும்பப் பெற்ற அந்த இரண்டு கடிதங்கள்தான் மனுவில் பலமான காகிதமாக இருந்தன, அவற்றை நீங்களே எடுத்துவிட்டீர்களே என்று அதிகாரி வருத்தப்பட்டார். நோட்டில் "ஒரு கூடு, இரண்டு ஓடு, ஒரு பறவை" என்று எழுதினார். அடுத்த பருவம்வரை குத்தகையை ஒத்திவைக்கச் சொல்கிறேன், ஆனால் அதுவரை வாரம் தவறாமல் நேரில் பார்த்த குறிப்பு வேண்டும் என்றார். ஆகவே இனி வாரத்துக்கு இரண்டு பேர் முறைபோட்டு ஏரிக்கு வருவார்கள். உன்னையும் உறுப்பினராகச் சேர்த்துவிட்டார்கள்.

கோபம் இன்னும் தீரவில்லை. விழுந்ததற்கு இல்லை, பொய்க்கும் இல்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்ட வருடங்களை நான் தொலைத்துவிட்டதாக நீயாகவே முடிவு செய்துவிட்டாய். களைத்துப்போனேன், உண்மை. ஆனால் அது என் வருடம், வேறு யாரும் எனக்காக அதைத் திருத்த வேண்டாம். நான் எங்கே போக வேண்டும், எங்கே போகக் கூடாது என்பதை என்னைக் கேட்டுத் தீர்மானி.

உன் முகம் வற்றிப்போய்விட்டது. பால் குடி.

அக்கா

*

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வந்துபோனபின் நன்றாகத் தூங்கினேன், மாத்திரை இல்லாமல். பாலும் குடிக்கிறேன்.

ஓடுகளைப் பற்றி எழுதியதைப் பலமுறை படித்துவிட்டேன். மூன்று மாதமாக நான் எழுதாவிட்டால் அந்த முட்டைகள் அப்படியே நின்றுவிடும் என்று எங்கேயோ நம்பியிருக்கிறேன். சிரிப்பு வருகிறது, கொஞ்சம் அழுகையும் வருகிறது. பெரிய சுமை ஒன்றை யாரோ வாங்கிக்கொண்டதுபோல இருக்கிறது.

உறுப்பினன் என்ற முறையில் என் பங்கு. ஜூன் 7, மாலை நாலு மணிக்கு, ஐம்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தியை அறை வாசலில் பார்த்தேன். சேலை ஓரத்தில் ஏரிச் சேறு. உள்ளே வந்தாள், மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தாள், போர்வையை இழுத்து என் கால் கட்டைவிரலை மூடினாள். பதினொரு நிமிடம் இருந்தாள். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. கோபமா, பயமா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

உன்னைக் கேட்டுத் தீர்மானிக்கச் சொன்னாய். அதனால் கேட்கிறேன்.

டாக்டர் கைத்தடியோடு நடக்கச் சொல்லிவிட்டார். அறைக்குள் கட்டிலிலிருந்து ஜன்னல்வரை போகிறேன், வருகிறேன். ஆனால் படிக்கட்டில் கால் வைக்க முடியவில்லை. ஏணியில் வழுக்கிய அந்த ஒரு நொடி உடம்புக்குள் அப்படியே இருக்கிறது. முதல் படியைப் பார்த்ததும் அறைக்குள் திரும்பிவிடுகிறேன். கீழே சமைக்கிற அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை, கால் வலிக்கிறது என்று சமாளிக்கிறேன்.

சனிக்கிழமை வராதே. அந்த நாளை விட்டுவிட்டு வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வா, அக்கா. படி மொத்தம் பதினேழு. எனக்கு ஒரு படி கீழே நீ நின்றால் இறங்கிவிடுவேன்.

தம்பி